காலி டின் வாசலைத் தாண்டக் கூடாது

யுத்த காலத்தில் எங்கள் வீட்டுக் கார் ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. கிடைக்கிற கொஞ்சத்தைச் செலவழிக்கவும் என் மாமனாருக்கு மனசு வராது. பரமத்திக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கொட்டகையில், இரண்டு ஜோடி மாடுகளுக்கு நடுவே, அந்தக் கறுப்புக் கார் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். பின்சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிடும். காலையில் மாமனார் முன்சீட்டில் போய் உட்கார்ந்து பேப்பரில் யுத்தச் செய்தி படிப்பார். காபி வேண்டுமென்றால் ஹாரனை அமுக்குவார். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டு, ஊரிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று நான் வாசலுக்கு ஓடியிருக்கிறேன்.

பெட்ரோல் விஷயத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். முக்கியமாக டிரைவரை நம்ப மாட்டார். ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தார். காலையும் மாலையும் அதை டாங்கில் விட்டு எடுத்து, நனைந்த கோட்டை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். ஓடாத காரில் பெட்ரோல் எப்படிக் குறையும் என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. டாங்கில் ஊற்றுவதும் அவர்தான். டிரைவர் புனலைப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

டிரைவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். திருச்செங்கோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது கிணற்றுமேட்டுக் குடிசையில், பெண்சாதியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருந்தார். "குச்சியில ஒரு கோடு காரணமில்லாமக் கொறஞ்சாலும் சாளையக் காலி பண்ணீட்டுப் போயிரோணும், ஆமா" என்று மாமனார் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். "செரிங்க பண்ணாடி" என்பார் டிரைவர். பண்ணாடி என்றால் எங்கள் பக்கத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர். அதைச் சொல்லிவிட்டு அவர் காரைத் துடைக்கப் போய்விடுவார். ஓடாத காரை இத்தனை துடைத்த மனிதர் சேலம் ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார்.

மாமனாருக்குக் குச்சி என்றால், மாமியாருக்குச் சகுனம். அதிலும் ஒரே ஒரு சகுனம்: வெறுமையாக எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. குடத்தில் தண்ணீர், கூடையில் ஒரு பிடி தானியம், சொம்பில் பாதியாவது மோர் இருக்க வேண்டும். ஒரு தடவை மாமனார் நாமக்கல்லுக்குக் கிளம்பும்போது எதிரே ஒருத்தி காலிக்குடத்தோடு வந்துவிட்டாள். அத்தை அவரைத் திருப்பி அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அந்தப் பெண்ணைக் கிணற்றுக்கு அனுப்பி நிறைகுடத்தோடு மறுபடி எதிரே வரவைத்த பிறகுதான் அனுப்பினார். அந்தப் பெண் மூன்றாவது வீட்டுக்காரி. பாவம், அவளுக்கு அன்றைக்குத் தண்ணீரே தேவைப்படவில்லை. நான் இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் அத்தை மாதிரியே நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன்.

அப்படிச் சிரித்தவளுக்கு ஒரு நாள் வந்தது.

என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் அம்மா வீடு ராசிபுரத்தைத் தாண்டி. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைப்புடவை வைத்த கூடையோடு வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் நின்றால்தான் மேற்கொண்டு கல்யாணம். அண்ணனுக்கு நான் ஒருத்திதான். நான் போகாவிட்டால் பெரியப்பா மகள் நிற்பாள். எனக்குப் பதிலாக எங்கேயாவது போய் நிற்பதென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ரொம்பப் பிரியம். சீர், கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது சாய. என் வீட்டுக்காரர் பந்தல் வேலைக்கு இரண்டு நாள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். நானும் மாமனார் மாமியாரும் காரில் வருவதாக ஏற்பாடு. மருமகள் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் போய் இறங்குவதற்காகவே மாமனார் மூன்று மாதமாகப் பெட்ரோல் சேர்த்து வைத்திருந்தார்.

சீர் நாளன்று மத்தியானம் சாமான்களைக் காரில் ஏற்றினோம். சீர் வரிசைக்குப் புதுப் பித்தளைக் குடம் ஒன்று, அண்டா ஒன்று. இரண்டும் வெறுமையாகப் போகக் கூடாதே, அத்தை அவற்றில் அரிசி நிறைத்துத் துணி கட்டியிருந்தார். நான் கடைசியாகப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன். காரின் படிமேல் பெட்ரோல் டின் ஒன்று கட்டியிருந்தது. லேசாகத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. காலி. இருந்ததையெல்லாம் மாமனார் காலையிலேயே டாங்கில் ஊற்றிவிட்டிருந்தார்.

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இது அண்ணன் கல்யாணம். அத்தை பார்த்தால் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிடுவார். பார்க்காவிட்டால் அது அதைவிட மோசம் என்று தோன்றியது. ஏதாவது ஒன்று ஆனால், காலி டின்னைப் பார்த்தும் பேசாமல் இருந்தாயே என்று என் மனசே என்னைப் பிய்த்துத் தின்னும். டின்னை அவிழ்த்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். சேந்துவாளியால் தண்ணீர் சேந்தி, கழுத்து வரை நிறைத்து, மூடியை இறுகத் திருகி, திரும்பக் கொண்டுவந்து கட்டினேன். பட்டுப்புடவையின் கொசுவம் நனைந்துவிட்டது. ஆனால் மனசு நிறைந்துவிட்டது.

கார் எதைக் குடித்து ஓடுகிறது என்று எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். அந்த டின்னை யாராவது திறப்பார்கள் என்றுதான் தோன்றவில்லை. டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை கூப்பிட்டுவிட்டார்.

நாமக்கல் மலையைத் தாண்டிப் புதன்சந்தைக்குப் போகிற வழியில் ரேடியேட்டர் புகைய ஆரம்பித்தது. டிரைவர் வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்திவிட்டு வாளியோடு காட்டுக்குள் கிணறு தேடிப் போனார். கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பெரியப்பா மகள் என்ன புடவை கட்டியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் சும்மா இருக்க முடியாதவர். இறங்கிப் போய்க் குச்சியை விட்டுப் பார்த்தார். போகவும் வரவும் போதும் என்று டிரைவர் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். டிரைவர் போதும் என்றால் மாமனாருக்குப் போதாது. படிமேல் இருந்த டின்னைத் தூக்கினார். கனத்தது. டிரைவர் எங்கேயோ பெட்ரோல் வாங்கி நிறைத்து வைத்திருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். தம்மிடம் சொல்லாமல் வாங்கினானே என்று ஒரு கோபம், வாங்கினானே என்று ஒரு சந்தோஷம். புனலை வைத்து அவரே கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். அவருக்கு நாற்பது வருஷத்துப் பொடிப் பழக்கம். அந்த மூக்குக்குப் பெட்ரோலும் ஒன்றுதான், பன்னீரும் ஒன்றுதான்.

வெளியே களகளவென்று சத்தம் கேட்டது. டிரைவர் வந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று இருந்துவிட்டேன். அப்புறம் மாமனார் காலி டின்னைக் கையில் ஆட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தார். ஊற்றியது எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் இருந்தும் அவர் முகத்துக்கு நேராக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் காலத்து மருமகள்கள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவோம். காரில் ஏது கதவுக்குப் பின்னால்? நான் வாயைத் திறப்பதா வேண்டாமா என்று இருக்கும்போதே டிரைவர் வந்து, ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு, வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரண்டு பர்லாங் ஓடியிருக்கும். கார் இருமியது. மறுபடி இருமியது. மூன்றாம் தடவை இருமக்கூடத் தெம்பில்லாமல் நின்றுவிட்டது.

டிரைவர் என்ஜின் மூடியைத் திறந்தார், எதையோ கழற்றினார், விரலில் தொட்டு முகர்ந்தார். "பண்ணாடி, இதுல தண்ணியல்லொ வருது. எதுனா ஊத்துனீங்களா?"

"டின்னுல இருந்தத ஊத்துனேன். நீ வாங்கி வச்ச பெட்ரோலு."

"டின்னு காலிங்களே சாமி. நான் ஒண்ணும் வாங்குலீங்க. காலையில நீங்கதான..." என்று ஆரம்பித்த டிரைவரின் கண் பின்சீட்டுக்கு வந்தது. என் முகத்தைப் பார்த்தது. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

மாமனார் நிறுத்தவில்லை. பெட்ரோலை விற்றுவிட்டுத் தண்ணீர் நிறைத்து வைத்திருக்கிறாய், இத்தனை நாளாக என் குச்சியை ஏமாற்றியிருக்கிறாய், கண்ட்ரோல் காலத்தில் பெட்ரோல் திருடினால் என்ன ஆகும் தெரியுமா, ஊர் திரும்பியதும் போலீசில் ஒப்படைக்கிறேன், உன் பெண்சாதி பிள்ளைகள் அன்றைக்கே சாளையைக் காலி பண்ண வேண்டும் என்று சாலையோரப் புளியமரத்துக் குருவியெல்லாம் பறக்கிற மாதிரி கத்தினார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நானில்லீங்க" என்றுகூடச் சொல்லவில்லை. "பொழுதோட சீருங்க பண்ணாடி. மொதல்ல வண்டியக் கெளப்பிப்போடறேன். அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் மாமனார் அந்தக் கோபத்தில் நடந்தாவது ஊருக்குத் திரும்பிவிடுவார், சீர் நின்றுவிடும், அண்ணன் கல்யாணத்துக்குப் போன காரை அவன் தங்கையே நிறுத்தினாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று எனக்குள் நூறு நியாயம் ஓடியது. சீர் முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே வாய்தா வாங்கிக்கொண்டேன். அத்தை கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கனமுங்க, அடியில போய் நின்னுக்கும். மேல இருக்கற பெட்ரோலக் காப்பாத்தீரலாம்" என்று சொல்லி டிரைவர் காருக்கு அடியில் படுத்தார். டாங்கின் அடித்திருகைக் கழற்றினால் முதலில் தண்ணீர் கொட்டும், அப்புறம் பெட்ரோல் வரும். பெட்ரோலைப் பிடிக்கப் பாத்திரம் வேண்டும். டின் ஒன்று போதாது. "ஒரு சொட்டு மண்ணுல உழுகக் கூடாது" என்று மாமனார் கத்த, எல்லோருடைய கண்ணும் என் சீர்க் குடத்தின் மேலும் அண்டாவின் மேலும் விழுந்தது. அரிசியை ஒரு வேட்டியில் கொட்டி மூட்டை கட்டினோம். புதுக் குடத்தில் பெட்ரோல் நிறைந்தது. அண்டாவிலும் பாதிக்கு மேல் நிறைந்தது. எதுவும் வெறுமையாக இல்லை. அந்த வகையில் குறை சொல்ல இடமில்லை.

திரும்ப ஊற்றும்போது வடிகட்ட அத்தை தம் பழைய நூல் புடவையை மூட்டையிலிருந்து எடுத்துக் கிழித்துக் கொடுத்தார். டிரைவர் சின்னச் சின்னக் குழாய்களையெல்லாம் கழற்றி வாயால் ஊதினார். இரண்டு மூன்று தடவை பெட்ரோலை விழுங்கிவிட்டு ஓரமாகப் போய்த் துப்பினார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. திருடன் என்ற பேரோடு ஒரு மனிதர், அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவளைச் சீருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக அப்படிப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நான் நிழலில் உட்கார்ந்து, தொடுத்த பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கார் கிளம்பியபோது பொழுது இறங்கிவிட்டது. ராசிபுரத்தை எப்படித் தாண்டினோம் என்றே தெரியவில்லை. பந்தலில் விளக்கேற்றியாயிற்று. சீரை நடத்துகிற அருமைக்காரர் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க, பெரியப்பா மகள் கூடையைக் கையிலேயே எடுத்துவிட்டாள். நான் ஓடிப்போய் அதை வாங்கினேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் டிரைவரை மறந்தேபோனேன். அண்ணன் பக்கத்தில் போய் நின்றதும் அவன் மெதுவாக, "என்ன பாப்பா, லாரியில வந்தியா? இப்படி நாறுது" என்றான். குடமும் அண்டாவும் சபையில் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டிப் போனவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். மாமனார் மட்டும் பக்கத்திலேயே சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

சீர் முடிந்தது. என் வாய்தாவும் முடிந்தது. இருந்தாலும் சாப்பாடு ஆகட்டும் என்று மனசு இன்னொரு வாய்தா கேட்டது.

அதற்கு மாமனார் இடம் கொடுக்கவில்லை. பந்தலில் இருந்த உறம்பரைகளுக்கு, அதாவது வந்திருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கதையை ஆரம்பித்துவிட்டார். பெட்ரோல், குச்சி, திருட்டு, தண்ணீர். எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். டிரைவர் அங்கே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவனா?" என்றார் ஒருவர். "ராசிபுரத்துலயே போலீசு இருக்குது. எதுக்கு ஊரு வரைக்கும் கூட்டீட்டுப் போறீங்க? இங்கயே ஒப்படைச்சுப்போடுங்க. நான் வாரேன் கூட" என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மாமனாரும் எழுந்தார்.

நான் பந்தல் நடுவில் வந்து நின்றேன். "மாமா, அந்த டின்னுல..." என்றேன். அவரோடு நான் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அதுல தண்ணி ஊத்தச் சொன்னது நாந்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தை. பாக்கை மென்றுகொண்டு, ஏதோ குழம்புக்கு உப்புப் போட்டதைச் சொல்வது போலச் சொன்னார். "காலி டின்னோட கல்யாணத்துக்கு வர முடியுமா? பொட்டப்புள்ள நெறச்சுக் கட்டுனா. பாக்காம ஊத்துனது யாரு? ஊத்துனவரு மூக்கு எங்க போச்சு?"

பந்தலே சிரித்தது. துண்டை உதறியவர் அதே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமனார் பொடி டப்பியைத் திறந்தார், மூடினார். "இத வழியிலயே சொல்றதுக்கென்ன?" என்றார். வாசலுக்குப் போனார். அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. "சாப்புட்டியாடா?" என்றார்.

"ஆச்சுங்க பண்ணாடி" என்றார் டிரைவர். பந்தி அப்போதுதான் போட ஆரம்பித்திருந்தார்கள்.

கல்யாணம் முடிந்து கிளம்புகிற காலையில் அத்தையும் நானும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். "நீங்க ஊத்தச் சொல்லவே இல்லீங்களே அத்தை. அப்பறம் ஏன் என்மேல இருந்ததத் தூக்கி உங்கமேல போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கெளம்பும்போதே உன்ற கொசுவம் நனஞ்சிருந்துச்சு. காரு நின்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. சீரு முடியட்டும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்" என்றார். மூட்டையை ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். "டிரைவர ஒரு வார்த்தையில ஊட்ட உட்டுத் தொரத்தீரலாம். உன்னயக் கூடத் தொரத்தலாம், அம்மிணி. என்னயத் தொரத்த முடியுமா? முப்பது வருசமாச்சு. உங்க மாமன் பேச்ச நாந்தான் தாங்கோணும்."

அத்தையைப் பார்த்து நான் நடித்துக் காட்டிச் சிரித்ததெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் நடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

பூக்கூடையை வைக்கும் சாக்கில் காருக்குப் போனேன். டிரைவரிடம் சொல்ல வேண்டியதை ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். பக்கத்தில் போனதும் ஒன்றும் வரவில்லை. அவரே சொன்னார். "அன்னிக்கு மத்தியானம் கெணத்தடியில உங்களப் பாத்தனுங்க அம்மிணி. பூவுக்குத் தண்ணி சேந்தறீங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"சொல்லியிருந்தா, சீருக்கு உங்களக் கொண்டாந்து சேத்தியிருக்க முடியுங்களா?" என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். காரில் வந்த நாலு பேரில் மூன்று பேருக்கு உண்மை தெரியும். தெரிந்த மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்துக்கு, திருடன் என்ற பேரைத் தாங்கியது அவர் ஒருவர்தான். அதற்கு நான் இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய்த்த நாளில் வாய் வரவில்லை. வாய் வந்த காலத்தில் அவர் இல்லை.

மாமனார் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். குச்சி சீட்டுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்கவில்லை. "பெட்ரோல் போதுமாடா?" என்று மட்டும் கேட்டார். போதுமுங்க என்றதும் சரி என்று தலையாட்டினார். என் அம்மா வீட்டு வாசல் நிறைய ஆட்கள் வழியனுப்ப நின்றார்கள்.

டிரைவர் படிமேல் இருந்த டின்னை விரலால் தட்டினார். கணீரென்றது. யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டின்னு காலியாத்தானுங்க இருக்குது. இப்படியே இருக்கட்டுமுங்களா?" என்று கேட்டார்.

அத்தனை பேருக்கு நடுவில் நான்தான் பதில் சொன்னேன். "இருக்கட்டும்."

அத்தை டின்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கார் கிளம்பி வாசலைத் தாண்டும் வரைக்கும் அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.